முடிவு தெரிஞ்ச கதையை ஏன் கேக்கணும்? பழைய அமெரிக்க ரேடியோ சரித்திர நாடகங்கள் பத்தி ஒரு எளிய அறிமுகம்

ஆபிரகாம் லிங்கனைச் சுட்டுக் கொன்னுட்டாங்கன்னு நமக்கு ஸ்கூல்லயே தெரியும். 1865 ஏப்ரல் 14 ராத்திரி, வாஷிங்டன்ல ஃபோர்டு தியேட்டர், சுட்டது ஜான் வில்க்ஸ் பூத், எல்லாமே பாடத்துல வந்ததுதான். ஆனா அன்னிக்கு அந்த தியேட்டர்ல டிக்கெட் வாங்கி உக்காந்திருந்தவங்களுக்கு இது எதுவும் தெரியாது. காமெடி நாடகம் பாக்க வந்தவங்க, சிரிச்சுக்கிட்டிருக்காங்க, உள்நாட்டுச் சண்டை முடியப்போகுது, ஜனாதிபதியும் மனைவியோட வந்திருக்காருங்கற சந்தோஷத்துல இருக்காங்க. நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. சரித்திர நாடகத்தோட மொத்த இழுப்பும் இந்த ஒரு இடத்துலதான் இருக்குன்னு நான் நினைக்கறேன். நல்ல ரேடியோ சரித்திர நாடகம் உங்களை அந்தத் தெரியாதவங்க நடுவுல கொண்டுபோய் நிக்க வச்சுடும், சினிமாவை விட, டிவியை விட இதை ரேடியோ நல்லாவே செய்யும்.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி இது என்ன சமாச்சாரம்னு கொஞ்சம் பாத்துடலாம். அமெரிக்காவுல என்பிசி ரேடியோ நெட்வொர்க் 1926-லயும் சிபிஎஸ் 1927-லயும் ஆரம்பிச்சது. 1930 சென்சஸ் எடுத்தப்ப நூத்துக்கு 40 வீட்டுலதான் ரேடியோ இருந்துச்சு, பத்தே வருஷத்துல, 1940-ல, அது 80-ஐத் தாண்டிடுச்சு. வீட்டுக்கு வீடு டிவி வர்றதுக்கு இன்னும் பல வருஷம் இருக்கு, அதனால சாயங்காலம் ஆனா குடும்பமே ரேடியோ முன்னாடிதான். துப்பறியும் கதை, காமெடி, பேய்க்கதை, குடும்பத் தொடர்னு எல்லாம் ஓடுச்சு, அதுல ஒரு வகைதான் சரித்திர நாடகம். பெரும்பாலும் அரை மணி நேரம், ஒவ்வொரு வாரமும் தனிக் கதை. இந்தக் காலகட்டம் 1962 செப்டம்பர் 30-ல முடிஞ்சதா சொல்லுவாங்க, அன்னிக்குத்தான் சிபிஎஸ் மிச்சமிருந்த ரெண்டு நாடகத் தொடரையும் நிறுத்துச்சு.

இப்ப ரேடியோ ஏன்ங்கறதுக்கு வரேன். சினிமால சரித்திரக் கதை எடுத்தா முதல்ல நம்ம கண்ணுல படறது டோப்பா, கோட்டு, குதிரை வண்டி, செட்டு. கண்ணு உடனே "இது பழைய காலம்"னு முடிவு பண்ணி ஒரு தூரத்துல வச்சுடும். காதுக்கு அந்த வேலை தெரியாது. ஒரு கதவு கிறீச்சுன்னு திறக்கறது 1776-லயும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான். பயந்துபோன மனுஷன் மூச்சு வாங்கற சத்தத்துக்கு நூற்றாண்டு கிடையாது. ஜார்ஜ் வாஷிங்டனோட பவுடர் போட்ட தலைமுடி தெரியாம அவர் குரல் மட்டும் வந்தா, தளபதிகள் கூட ஒத்துவராம, படைக்கு சம்பளம் போட காசில்லாம தவிக்கற ஒரு ஆள் பக்கத்து ரூம்ல பேசிக்கிட்டிருக்கற மாதிரிதான் இருக்கும். சிலையா பாத்துப் பழகினவரை மனுஷனா கேக்கறதுக்கு இவ்வளவு சுலபமான வழி வேற இல்ல.

செலவும் ஒரு காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல நடந்த கெட்டிஸ்பர்க் சண்டையைப் படமா எடுக்கணும்னா ஆயிரக்கணக்குல ஆள் வேணும். ரேடியோல ஏழெட்டு நடிகர்கள், ரெண்டு மூணு சவுண்ட் ஆட்கள், ஒரு ஆர்கெஸ்ட்ரா போதும். சவுண்ட் ஆட்கள் பண்ண வேலையைப் பத்தித் தனியாவே எழுதலாம். ஒரு மரச்சட்டத்துல வரிசை வரிசையா சின்னச் சின்ன மரக்குச்சிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பாங்க, அதை ஒரு பலகை மேல தாளத்தோட தட்டித் தட்டித் தூக்கினா ஒரு படையே நடந்து போற சத்தம் கேக்கும். குதிரைக் குளம்புக்குத் தேங்காச் சிரட்டை, இடிக்கு ஒரு பெரிய தகரத் தகடு, தீ எரியறதுக்கு செலோஃபேன் தாளைக் கசக்கறது, பனியில நடக்கறதுக்கு சோள மாவு அடைச்ச பையை அமுக்கறது. நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் பண்ணத் தேவையில்ல, கையில பேப்பரோடதான் நிப்பாங்க, ஆனா மைக்குக்கு எவ்வளவு தூரத்துல நிக்கறாங்கங்கறதுதான் நடிப்புல பாதி. மைக்கை ஒட்டிக் குசுகுசுன்னு பேசினா அது மனசுக்குள்ள ஓடற பேச்சு, நாலு அடி தள்ளிப் போய் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் பேசினா ஆள் ரூமோட அந்த மூலையில இருக்கார். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டீங்கன்னா இந்த தூரம் எல்லாம் துல்லியமாத் தெரியும்.

இதெல்லாம் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு வேற. ரீடேக் கிடையாது. நியூயார்க்ல ராத்திரி 8 மணின்னா கலிஃபோர்னியாவுல சாயங்காலம் 5 மணிதான் ஆகுது, அதனால கிழக்குப் பக்கத்துக்கு ஒரு தடவை நடிச்சு முடிச்சுட்டு, மூணு மணி நேரம் கழிச்சு மேற்குப் பக்கத்துக்காக அதே நாடகத்தை முதல்லேர்ந்து இன்னொரு தடவை நடிச்ச நிகழ்ச்சிகள் நிறைய. 1940-கள் கடைசி வரைக்கும் பெரிய நெட்வொர்க்குகள் ரெக்கார்ட் பண்ணதைப் போடறதையே விரும்பல. ஆனா ஒரு பதிவுக்காக 16 அங்குல டிஸ்க்குல ரெக்கார்ட் பண்ணி வச்சாங்க பாருங்க, அந்த டிஸ்க்குகள் தப்பிச்சதாலதான் இன்னிக்கு நாம கேக்க முடியுது.

சரி, எதைக் கேக்கறது? என்னைக் கேட்டா ‘யூ ஆர் தேர்’லேர்ந்து ஆரம்பிங்கன்னு சொல்லுவேன். 1947 ஜூலைல சிபிஎஸ்ல ‘சிபிஎஸ் இஸ் தேர்’ங்கற பேர்ல ஆரம்பிச்சு, 1948-ல பேர் மாறி, 1950 வரைக்கும் ஓடுச்சு. ஐடியா கொடுத்தவர் குட்மன் ஏஸ், காமெடி எழுத்துல பேர் வாங்கினவர். இயக்கினவர் ராபர்ட் லூயிஸ் ஷேயான். ஐடியா ரொம்ப சிம்பிள்: சிபிஎஸ் செய்திப் பிரிவு மைக்கைத் தூக்கிக்கிட்டு சரித்திர சம்பவம் நடக்கற இடத்துக்கே போயிடும். கெட்டிஸ்பர்க் போர்க்களம், ஜோன் ஆஃப் ஆர்க்கை எரிக்கற இடம், சாக்ரடீஸ் விஷம் குடிக்கற சிறை, ட்ராய் கோட்டைன்னு எங்க வேணா நிருபர் நிப்பார். ட்ராய்ல ஏது மைக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க, நிகழ்ச்சியும் அதுக்கு விளக்கம் சொல்லாது. ஸ்டூடியோல ஒருத்தர் பின்னணியைச் சொல்லிட்டு "இப்ப அங்கேர்ந்து நம்ம நிருபர்"னு கொடுத்தா, அந்தப் பக்கம் கூட்டத்தோட சத்தத்துக்கு நடுவுல நிருபர் மூச்சு வாங்கப் பேசுவார், பக்கத்துல நிக்கற சிப்பாயை, வேலைக்காரியை, வக்கீலைப் புடிச்சுக் கேள்வி கேப்பார். முடிஞ்சுபோன மேட்ச்சோட பழைய ரேடியோ கமெண்ட்ரியைக் கேக்கறப்ப ஸ்கோர் தெரிஞ்சும் கடைசி ஓவர்ல நெஞ்சு அடிச்சுக்குமே, கிட்டத்தட்ட அந்த அனுபவம்தான்.

இது வேலை செஞ்சதுக்கு ஒரு முக்கியமான காரணம், அந்த நிருபர்கள் நடிகர்கள் இல்ல, நிஜ செய்தியாளர்கள். ரிச்சர்ட் ஹாட்டலெட்டை 1941-ல பெர்லின்ல நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோ பிடிச்சு மாசக்கணக்கா சிறையில வச்சிருந்தாங்க, அவர் இந்த நிகழ்ச்சியில நிருபரா வருவார். டான் ஹாலன்பெக் வருவார். எல்லாத்துக்கும் மேல ஜான் டேலி. 1941 டிசம்பர் 7 அமெரிக்கக் கடற்படைத் தளம் பேர்ல் ஹார்பர் மேல ஜப்பான் நடத்தின தாக்குதலை சிபிஎஸ்ல நாட்டுக்குச் சொன்ன குரல் அவரோடது. 1945 ஏப்ரல் 12-ந்தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் செத்துப்போன செய்தியைச் சொன்னதும் அவர்தான், அதையும் அவர் எந்த நிகழ்ச்சியை வெட்டிக்கிட்டு உள்ள வந்து சொன்னார்னா ‘வில்டர்னஸ் ரோடு’, மேற்கே வழி திறந்துவிட்ட டேனியல் பூன் காலத்துக் குடியேறிகளைப் பத்தின பசங்களுக்கான தொடர். பசங்க சரித்திரக் கதை கேட்டுக்கிட்டிருக்காங்க, நடுவுல நிஜ சரித்திரமே புகுந்துடுச்சு. அந்த ரெக்கார்டிங் இன்னிக்கும் இருக்கு, கேட்டுப் பாருங்க.

இப்ப 1947-ல ஒரு அமெரிக்கக் குடும்பம் ரேடியோ முன்னாடி உக்காந்திருக்குன்னு நினைச்சுக்குங்க. ரெண்டே வருஷம் முன்னாடி ஜனாதிபதி செத்துட்டார்னு தங்கிட்ட சொன்ன அதே குரல், அதே பதட்டத்தோட, அதே வேகத்துல ஒரு நூறு வருஷப் பழைய சம்பவத்தைச் சொல்லுது. அவங்க காது அந்தக் குரலை நம்பிப் பழகிடுச்சு. அதுக்குன்னு தனியா நடிக்கவே வேண்டியதில்ல. நமக்கு அந்தக் குரல் பழக்கமில்லதான், ஆனாலும் நேரலைச் செய்தியோட தடுமாற்றம், பாதியில நிக்கற வாக்கியம், "ஒரு நிமிஷம், ஏதோ நடக்குது" மாதிரி இடங்கள் நம்மளையும் இழுத்துடும்.

அடுத்தது ‘கேவல்கேட் ஆஃப் அமெரிக்கா’. இதைப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இந்த நாடகங்களைப் புரிஞ்சு கேக்கறதுக்கான சாவி இதுல இருக்கு. 1935 அக்டோபர்ல சிபிஎஸ்ல ஆரம்பிச்சு, பின்னாடி என்பிசிக்குப் போய், 1953 வரைக்கும் ஓடுச்சு. ஸ்பான்சர் டுபான்ட் கம்பெனி. டுபான்ட் 1802-ல வெடிமருந்து தயாரிக்க ஆரம்பிச்ச கம்பெனி, முதல் உலகப் போர்ல பெரிய லாபம் பாத்தது. 1934-ல அமெரிக்க செனட்ல நை கமிட்டி உக்காந்து ஆயுத வியாபாரிகள் போர்ல எவ்வளவு சம்பாதிச்சாங்கன்னு தோண்ட ஆரம்பிச்சப்ப, டுபான்ட் குடும்பத்துக்காரங்களையே கூப்பிட்டு விசாரிச்சாங்க, சாவு வியாபாரிகள்ங்கற பட்டம் ஒட்டிக்கிச்சு. அந்தப் பேரை மாத்தணும். அதுக்கு பிபிடிஓங்கற விளம்பரக் கம்பெனி சொன்ன வழிகள்ல ஒண்ணுதான் இந்த நிகழ்ச்சி: அமெரிக்க சரித்திரத்துல இருக்கற நல்லவங்க, கண்டுபிடிப்பாளர்கள், டாக்டர்கள், தைரியமான பெண்கள் கதையை வாராவாரம் நல்ல தரத்துல போடுங்க, கடைசியில ரசாயனம் வாழ்க்கையை எப்படி நல்லதாக்குதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க.

இதோட விளைவு என்னன்னா, ஆரம்ப வருஷங்கள்ல இந்த நிகழ்ச்சியில துப்பாக்கிச் சத்தமே கிடையாது, வெடிச் சத்தம் கிடையாது. அமெரிக்க சரித்திரத்தைத் துப்பாக்கி வெடிக்காம சொல்லணும்! அதனால எழுத்தாளர்கள் சண்டையை விட்டுட்டு வேற மனுஷங்களைத் தேடிப் போனாங்க. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னாடி இருந்த நோக்கம் கம்பெனியோட பேரைக் காப்பாத்தறதுதான், ஆனா அதனால பாடப்புத்தகத்துல ரெண்டு வரியில போற நர்ஸுக்கும் டீச்சருக்கும் விஞ்ஞானிக்கும் அரை மணி நேரம் கிடைச்சதும் உண்மை. ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். சரித்திரப் பேராசிரியர்களை ஆலோசகரா வச்சு ஸ்கிரிப்டை சரிபார்த்தாங்க. எழுதினவங்கள்ல பின்னாடி உலகப் புகழ் வாங்கின நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லரும் ஒருத்தர், 1940-களோட ஆரம்பத்துல இதுக்கு எழுதியிருக்கார். நான் மேல சொன்ன செலோஃபேன், அதை அமெரிக்காவுல கொண்டுவந்ததே டுபான்ட்தான்.

சொல்லாம விட்டது எதுன்னும் கவனிக்கணும். பெரிய கம்பெனி காசு கொடுக்கற நிகழ்ச்சியில தொழிலாளர் போராட்டம் பெருசா வராது. கறுப்பினத்தவங்களோட வரலாறும் அப்படித்தான், ரொம்பக் குறைச்சலாத்தான் வரும். அந்த இடத்தை நிரப்ப வந்த நாடகம்தான் எனக்கு இந்த வகையிலேயே ரொம்பப் பிடிச்சது, ‘டெஸ்டினேஷன் ஃப்ரீடம்’.

அந்தக் காலத்து ரேடியோல கறுப்பினப் பாத்திரம்னா வேலைக்காரன், கோமாளி, அவ்வளவுதான். ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ங்கற நாட்டுலயே பிரபலமான காமெடியில முக்கியமான ரெண்டு கறுப்பினப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்ததே ரெண்டு வெள்ளைக்காரங்க. இந்தச் சூழல்ல 1948 ஜூன்ல சிகாகோவுல டபிள்யூஎம்ஏக்யூ ஸ்டேஷன்ல ரிச்சர்ட் டர்ஹம்னு ஒரு கறுப்பின எழுத்தாளர் ஞாயித்துக்கிழமை காலையில அரை மணி நேரம் வாங்கி, வாரம் ஒரு கதைன்னு ரெண்டு வருஷத்துக்கு மேல எழுதினார். முதல் கதை கிரிஸ்பஸ் அட்டக்ஸ், 1770 பாஸ்டன் படுகொலையில செத்தவர். அப்புறம் ஹாரியட் டப்மன், ஃப்ரெடரிக் டக்ளஸ், சொஜர்னர் ட்ரூத், ஐடா பி. வெல்ஸ், டென்மார்க் வீசின்னு வரிசையா. எல்லாரும் பணிஞ்சு பேசற ஆட்கள் இல்ல, அடிமை முறையையும் நிறவெறியையும் எதிர்த்து நிமிர்ந்து நின்னு சண்டை போட்டவங்க, அந்தச் சண்டையை அவர் மழுப்பாம எழுதினார். டென்மார்க் வீசி 1822-ல அடிமைகள் கிளர்ச்சிக்குத் திட்டம் போட்டதுக்காகத் தூக்குல தொங்கினவர், அவரை 1948 அமெரிக்காவுல ஹீரோவா நிறுத்தறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

டர்ஹம் எழுத்துல ஒரு விஷயத்தைக் கிட்டப் போய்ப் பாக்கலாம். டேனியல் ஹேல் வில்லியம்ஸ்னு ஒரு கறுப்பின டாக்டர், 1893-ல சிகாகோவுல பிராவிடன்ட் ஆஸ்பத்திரியில, கத்திக்குத்து பட்ட ஒருத்தரோட நெஞ்சைத் திறந்து இதயத்தைச் சுத்தி இருக்கற உறையைத் தைச்சுக் காப்பாத்தினார், அந்தக் காலத்துல யாரும் கைவைக்கப் பயந்த இடம் அது. இந்த மாதிரி இதய சிகிச்சை பண்ண கறுப்பின டாக்டர்கள் கதையை டர்ஹம் ஒரு எபிசோட்ல எழுதறப்ப, கதை சொல்றது யாருன்னா அந்த இதயமே. ஒரு இதயம் நம்மகிட்டப் பேசுது. மேடையில இதைப் பண்ணா எவ்வளவு செயற்கையா இருக்கும், சினிமால எப்படிக் காட்டறதுன்னே தெரியாது, ரேடியோல ஒரு குரல் "நான் இதயம்"னு சொன்னா முடிஞ்சது, நாம நம்பிடுவோம். இதே தொடர்ல நடிச்சவங்கள்ல ஸ்டட்ஸ் டெர்கெல் இருக்கார், ஆஸ்கர் பிரவுன் ஜூனியர் இருக்கார், ரெண்டு பேரும் பின்னாடி பெரிய பேர் வாங்கினவங்க.

ரேடியோ எழுத்தாளர், இயக்குநர் நார்மன் கார்வினை விட்டுட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. அமெரிக்க உரிமைச் சட்டத் திருத்தங்கள், பேச்சுரிமை மதவுரிமை எல்லாம் தர்ற அந்தப் பத்துத் திருத்தங்கள், அமலுக்கு வந்து 150 வருஷம் ஆனதுக்கு 1941 டிசம்பர் 15-ல அவர் ‘வீ ஹோல்ட் தீஸ் ட்ரூத்ஸ்’னு ஒரு மணி நேர நிகழ்ச்சி எழுதி இயக்கினார். ஏற்பாடெல்லாம் சமாதான காலத்துல ஆரம்பிச்சது, ஒலிபரப்புக்கு எட்டு நாள் முன்னாடி பேர்ல் ஹார்பர் நடந்துடுச்சு. நிறுத்திடலாமான்னு கேட்டதுக்கு, இப்பதான் இது இன்னும் அவசியம்னு மேலேர்ந்து பதில் வந்துச்சு. நாலு நெட்வொர்க்குலயும் ஒரே நேரத்துல போச்சு, ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஆர்சன் வெல்ஸ், லயனல் பேரிமோர்னு நடிகர் பட்டாளமே இருந்துச்சு, கடைசியில ரூஸ்வெல்ட் பேசினார். கேட்டவங்க 6 கோடிப் பேர் இருக்கும்னு அப்ப கணக்கு சொன்னாங்க. சட்டத் திருத்தத்தைப் பத்தி ஒரு மணி நேரம்னா தூக்கம் வரும்னு தோணும், ஆனா பயந்துபோன ஒரு நாடு தன்னோட உரிமைகள் எப்படி வந்துச்சுன்னு தனக்கே சொல்லிக்கறதை நேரடியா கேக்கறோம், அது வேற மாதிரி இருக்கு.

இதெல்லாம் கனமா இருக்கேன்னு நினைக்கறவங்களுக்கு ‘மிஸ்டர் பிரசிடென்ட்’ இருக்கு. ஏபிசி நெட்வொர்க்குல 1947-லேர்ந்து 1953 வரைக்கும் வந்தது. வாரம் ஒரு ஜனாதிபதி, எல்லாருக்கும் எட்வர்ட் ஆர்னல்ட்தான் குரல், யார் அந்த ஜனாதிபதிங்கறதைக் கடைசியிலதான் சொல்லுவாங்க. அதுவரைக்கும் குடும்பமா உக்காந்து ஊகிக்கலாம்.

‘கன்ஸ்மோக்’ கண்டிப்பா நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க, டிவியில வந்ததை வச்சு. அது முதல்ல ரேடியோ, 1952 ஏப்ரல்லேர்ந்து 1961 வரைக்கும். நிஜ ஆட்கள் கதை இல்ல, ஆனா 1870-கள்ல கான்சஸ்ல இருந்த டாட்ஜ் சிட்டிங்கற நிஜ ஊரோட புழுதியும் வெயிலும் அதுல இருக்கு. ஊரோட சட்டம் ஒழுங்கைப் பாத்துக்கற மார்ஷல், கதாநாயகன் மாட் டில்லனுக்குக் குரல் கொடுத்த வில்லியம் கான்ராட் குண்டான ஆள், டிவிக்கு எடுத்தப்ப அவரை விட்டுட்டு உயரமான ஜேம்ஸ் ஆர்னஸைப் போட்டாங்க. ஆனா கான்ராட் குரலைக் கேட்டுட்டு டிவி பாத்தா எனக்கு மனசு ஒட்டவே இல்ல. இதுல வசனம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வசனம் இல்லாத இடங்கள். டில்லன் மரப்பலகை நடைபாதையில நடந்து வருவார், பூட்ஸ் சத்தம், குதிமுள் சத்தம், தூரத்துல ஒரு நாய், கதவு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. அந்த ஒண்ணுமில்லாத ரெண்டு மூணு செகண்ட்ல உள்ள யார் இருக்காங்கன்னு நாமளே கற்பனை பண்ணிக்க வேண்டியிருக்கு.

கேக்க ஆரம்பிக்கறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம் மட்டும் சொல்லிடறேன். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்துல இந்தத் தொடர்கள்ல நிறைய இலவசமா கிடைக்குது. வரிசையாக் கேக்கணும்னு இல்ல, உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு சம்பவத்தோட எபிசோடை எடுத்தீங்கன்னா இங்கிலீஷ் வேகம் பிடிபடறதுக்கு சுலபமா இருக்கும். முதல் அஞ்சு நிமிஷம் கரகரப்பு தொந்தரவா இருக்கும், அப்புறம் காது பழகிடும். செவ்விந்தியர்களைக் காட்டற விதம் பல தொடர்கள்ல மோசமா இருக்கும், மொழி உட்பட, அது கேக்கறப்ப உறுத்தும், உறுத்தவும் வேணும்.

இன்னொண்ணு, ஒரே எபிசோடுக்கு ரெண்டு விதமான காப்பி கிடைக்கலாம். ராணுவ ரேடியோ சேவை வெளிநாட்டுல இருந்த சிப்பாய்களுக்கு அனுப்பறப்ப விளம்பரத்தையெல்லாம் வெட்டிட்டு அனுப்புவாங்க, அந்த காப்பிகள் நிறைய தப்பிச்சிருக்கு, கதை மட்டும் வேணும்னா அது வசதி. ஆனா ‘கேவல்கேட்’ கேக்கறதா இருந்தா விளம்பரத்தோட இருக்கற காப்பியாத் தேடி எடுங்க. நாட்டுக்காக உழைச்ச ஒருத்தரோட கதை முடிஞ்ச கையோட அதே கனமான குரல்ல நைலானைப் பத்தியும் பெயின்ட்டைப் பத்தியும் பேசறதைக் கேட்டாத்தான், இந்தக் கதையை யார் எதுக்காக நமக்குச் சொல்றாங்கங்கறதும் சேந்து காதுல விழும்.